முப்பது வயது வைட் ரிசீவரை டிரேடில் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்டோபர் வந்துவிட்டால் என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) பார்க்கும் நண்பர்கள் கூடுகிற இடமெல்லாம் இந்தப் பேச்சுதான். நம் அணி இரண்டு ஆட்டம் தோற்றிருக்கும். பந்து பிடிக்க ஆள் போதவில்லை என்று ஊருக்கே தெரிந்திருக்கும். வேறொரு தோற்கும் அணியில் பேர்பெற்ற ரிசீவர் ஒருவர் முகம் வாடி நின்றுகொண்டிருப்பார். "அவரைத் தூக்கிட்டு வந்தா என்ன?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். இந்தக் கேள்வியைப் பல வருடமாகக் கேட்டும் பதில் சொல்லியும் வந்ததில் எனக்கு ஒரு முடிவு தெளிந்திருக்கிறது. அதைக் கேள்வி பதிலாக எழுதுகிறேன். பேசப்போவது அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி.

முதலில், வைட் ரிசீவர் டிரேட் என்றால் என்ன?

குவார்ட்டர்பேக் எறியும் பந்தை ஓடிப் பிடிப்பவர் வைட் ரிசீவர். என்எஃப்எல்லில் வீரரைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. வேறொரு வீரரையோ, வரப்போகும் டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) உங்களுக்கு இருக்கும் தேர்வு உரிமையையோ கொடுத்துத்தான் வாங்க வேண்டும். டிராஃப்ட் ஏழு சுற்று. முதல் சுற்றுத் தேர்வு தங்கம். ஏழாம் சுற்று சில்லறை. சீசன் தொடங்கிய பிறகும் சில வாரங்கள் டிரேட் செய்யலாம். 2024 முதல் ஒன்பதாவது வாரத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை கடைசி நாள். அதற்கு முன் எட்டாவது வாரத்தோடு கதவு மூடிவிடும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். வாங்கலாமா, கூடாதா?

வாங்கலாம், மூன்று விஷயங்கள் கூடி வந்தால். குவார்ட்டர்பேக் ஏற்கெனவே நன்றாக ஆடிக்கொண்டிருக்க வேண்டும். ரிசீவர் வரிசையில் காலியாக இருக்கும் இடம் எது என்று அணிக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். விலை மூன்றாம் சுற்றைத் தாண்டக் கூடாது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒன்று என்றால் முதலாவதைத்தான் பெரிதாகப் பார்ப்பேன்: எறியத் தெரியாத இடத்தில், அல்லது எறிய நேரம் கிடைக்காத இடத்தில், உலகத்திலேயே சிறந்த கைகளைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் பயன் இல்லை.

இதற்கு ஆதாரம்?

ஒரே நாளில் இரண்டு அணிகள் இரண்டு மூத்த ரிசீவர்களை வாங்கிய இரண்டு சந்தர்ப்பங்களைச் சொல்கிறேன். இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலாவது, 2019 அக்டோபர் 22. அன்று சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் 6 ஆட்டத்தில் ஆறும் ஜெயித்திருந்தது. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 7-க்கு 7. தோற்காத இரண்டு அணிகளும் ரிசீவர் இல்லாமல் தவித்தன. நைனர்ஸ் டென்வரிலிருந்து 32 வயது எமானுவல் சாண்டர்ஸை வாங்கியது. கொடுத்தது மூன்றாம், நான்காம் சுற்றுத் தேர்வுகள், திரும்ப வாங்கிக்கொண்டது ஓர் ஐந்தாம் சுற்று. பேட்ரியாட்ஸ் அட்லாண்டாவிலிருந்து 30 வயது மொஹமட் சானுவை வாங்கியது. கொடுத்தது இரண்டாம் சுற்றுத் தேர்வு.

சாண்டர்ஸ் வந்த முதல் ஆட்டத்திலேயே டச்டவுன் (எதிரணியின் எண்ட் ஸோன் என்ற கடைசிப் பகுதிக்குப் பந்தைக் கொண்டுபோவது) பிடித்தார். 10 ஆட்டத்தில் 36 கேட்ச், அவற்றால் அணி முன்னேறிய தூரம் 502 யார்டு. டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த 48-46 ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்: 157 யார்டு பிடித்ததோடு, தானே பந்தை எறிந்து ரஹீம் மோஸ்டர்ட்டுக்கு ஒரு டச்டவுனும் கொடுத்தார். நைனர்ஸ் சீசனின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் வரை போனது.

சானு இரண்டாவது ஆட்டத்தில் பால்டிமோருக்கு எதிராக 10 கேட்ச் பிடித்தார். எல்லோரும் அப்பாடா என்றார்கள். அடுத்த ஆட்டத்தில் எதிரணி உதைத்து அனுப்பிய பன்ட் பந்தைப் பிடித்து ஓடும்போது கணுக்கால் பிசகியது. அதோடு சரி. 8 ஆட்டத்தில் மொத்தமே 26 கேட்ச், 207 யார்டு. அடுத்த சீசன் தொடங்குவதற்கு முன்பே அணி அவரை விடுவித்துவிட்டது.

காயம் யாருக்கும் வரும், அதை வைத்து டிரேடைக் குறை சொல்லக் கூடாது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காயத்துக்கு முன்பே ஒரு வித்தியாசம் இருந்தது. நைனர்ஸிடம் ஓட்டத் தாக்குதல் வலுவாக இருந்தது, ஜார்ஜ் கிட்டில் என்ற அபாரமான டைட் எண்ட் (தடுப்பும் செய்து பந்தும் பிடிப்பவர்) இருந்தார். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஓரத்தில் துல்லியமாக ஓடி, தனக்கென்று ஒரு இடைவெளியை உண்டாக்கிக்கொள்ளும் ஒருவர். சாண்டர்ஸ் வாழ்நாள் முழுக்கச் செய்தது அந்த வேலையை. பேட்ரியாட்ஸில் ராப் கிரான்கவ்ஸ்கி ஓய்வு பெற்றுப் போயிருந்தார், ஜூலியன் எடல்மனைத் தவிர நம்பி எறிய ஆள் இல்லை. அந்தக் குழியை அடைக்க ஒரு சானு போதாது. அவர் எந்த அணியிலும் நல்ல இரண்டாவது ரிசீவர், மூன்றாவது ரிசீவர். அப்படிப்பட்டவருக்கு இரண்டாம் சுற்று என்பது மிக அதிகம்.

இரண்டாவது நாள் எது?

2024 அக்டோபர் 15. முந்தின இரவு பஃபலோ பில்ஸ் நியூயார்க் ஜெட்ஸை 23-20 என்று ஜெயித்தது. பொழுது விடிந்ததும் ஜெயித்த அணியும் தோற்ற அணியும் ஆளுக்கொரு ரிசீவரை வாங்கிவிட்டன. பில்ஸ் கிளீவ்லாந்திலிருந்து 30 வயது அமாரி கூப்பரை வாங்கியது. ஜெட்ஸ் லாஸ் வேகஸிலிருந்து 31 வயது டவான்டே ஆடம்ஸை வாங்கியது. இரண்டுக்கும் முக்கிய விலை மூன்றாம் சுற்றுத் தேர்வுதான். ஆடம்ஸ் டிரேடில் சில நிபந்தனைகள் நிறைவேறினால் அது இரண்டாம் சுற்றாக ஏறும் என்று எழுதியிருந்தார்கள்.

இப்போது முடிவைப் பாருங்கள். ஆடம்ஸ் 11 ஆட்டத்தில் 67 கேட்ச், 854 யார்டு, 7 டச்டவுன். கூப்பர் 8 ஆட்டத்தில் 20 கேட்ச், 297 யார்டு, 2 டச்டவுன். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஜெட்ஸ் மூன்று மடங்கு ஜெயித்த மாதிரி. ஆனால் டிரேட் நடந்த அன்று 2-4 (2 வெற்றி, 4 தோல்வி) என்று இருந்த ஜெட்ஸ் 5-12 என்று சீசனை முடித்தது. பில்ஸ் 13-4, சூப்பர் பௌலுக்கு முந்தின படியான கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டம் வரை போய் கேன்சஸ் சிட்டியிடம் 32-29 என்று தோற்றது.

ஆடம்ஸ் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஜெட்ஸ் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸோடு முன்பு கிரீன் பேயில் எட்டு சீசன் ஆடியவர், அந்தப் பழக்கம் அப்படியே இருந்தது. ஆனால் ஜெட்ஸின் நோய் வேறு. டிரேடுக்கு ஒரு வாரம் முன்புதான் தலைமைப் பயிற்சியாளர் ராபர்ட் சாலேயை நீக்கியிருந்தார்கள். ராட்ஜர்ஸுக்கு 40 வயது, முந்தின வருடம் குதிகால் தசைநார் அறுந்து மீண்டு வந்தவர். வீட்டுக் கூரை ஒழுகும்போது வாசலுக்கு விலை உயர்ந்த கதவு போட்டது போல ஆகிவிட்டது. அடுத்த மார்ச்சில் ஆடம்ஸை விடுவித்தார்கள். 2025-க்கு அவர் ஒப்பந்தத்தில் எழுதியிருந்த சம்பளம் 3.5 கோடி டாலருக்கும் மேல். அதை யாரும் கொடுக்கப் போவதில்லை என்று வாங்கும்போதே தெரியும்.

ரேண்டி மாஸை நான்காம் சுற்றுக்கு வாங்கினார்களே? அதைப் போல இன்னொன்று நடக்காதா?

எல்லா விவாதத்திலும் கடைசியில் இந்தப் பெயர் வந்துவிடும். 2007 ஏப்ரலில், டிராஃப்ட் நடந்துகொண்டிருந்தபோதே, பேட்ரியாட்ஸ் ஓக்லாந்து ரெய்டர்ஸுக்கு 110-வது தேர்வைக் கொடுத்து 30 வயது மாஸை வாங்கியது. முந்தின வருடம் அவர் பிடித்தது 42 கேட்ச், 553 யார்டு. மாஸ் முடிந்தார் என்று எழுதியவர்கள் ஏராளம். அந்த சீசனில் அவர் பிடித்த டச்டவுன் 23. ஒரே சீசனில் ஒரு ரிசீவர் பிடித்ததில் இன்றைக்கும் அதுதான் சாதனை. குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 50 டச்டவுன் எறிந்தார், அணி 16 ஆட்டத்தில் பதினாறும் ஜெயித்தது. சூப்பர் பௌலில் நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 17-14 என்று தோற்றது வேறு கதை.

இந்தக் கதையில் மூன்று விவரங்களை மறந்துவிடுகிறார்கள். மாஸ் தன் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு வந்தார். சீசன் தொடங்க நான்கு மாதம் இருக்கும்போதே வந்தார், ஆகவே ஆட்டமுறையைப் படிக்க அவகாசம் இருந்தது. வந்து சேர்ந்த இடத்தில் பிரேடி இருந்தார். அதே மாஸை 2010 அக்டோபரில் மினசோட்டா வைக்கிங்ஸ் மூன்றாம் சுற்றுக்கு வாங்கியது. நான்கே ஆட்டம், ஒரு மாதத்துக்குள் விடுவித்துவிட்டது. 2007-ஐச் சொல்பவர்கள் 2010-ஐயும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

30 வயது என்றால் ரிசீவர் முடிந்துவிட்டார் என்று அர்த்தமா?

இல்லை. ஜெர்ரி ரைஸ் 2002-ல், 40 வயதில், ரெய்டர்ஸுக்காக 92 கேட்ச், 1,211 யார்டு பிடித்தார். லாரி ஃபிட்ஜெரால்ட் 32, 33, 34 வயதில் தொடர்ந்து மூன்று சீசன் நூறு கேட்சைத் தாண்டினார். இவர்கள் விதிவிலக்கு, ஆனால் இவர்களிடம் ஒரு பொதுவான பண்பு உண்டு. வேகத்தை நம்பி ஆடியவர்கள் அல்ல. அடிவைப்பு, திரும்பும் கோணம், பந்து வரும் நேரத்தில் உடம்பை நிறுத்தும் இடம், வலுவான கை: இவையெல்லாம் வேகத்தைவிடத் தாமதமாகத்தான் தேயும்.

நான் வயதைவிடத் தொடைத் தசையைக் கவனிப்பேன். ஜூலியோ ஜோன்ஸ் தன் தலைமுறையின் மகத்தான ரிசீவர்களில் ஒருவர். 2020-ல் தொடைத் தசைக் காயத்தால் 9 ஆட்டம்தான் ஆடினார். 2021 ஜூனில், 32 வயதில், அவரை டென்னசி டைட்டன்ஸ் வாங்கியது. 2022-ன் இரண்டாம் சுற்றையும் 2023-ன் நான்காம் சுற்றையும் கொடுத்தது, உறுதியளிக்கப்பட்ட 1.53 கோடி டாலர் சம்பளத்தையும் ஏற்றுக்கொண்டது. அதே தசை மறுபடி படுத்தியது. 10 ஆட்டம், 31 கேட்ச், 434 யார்டு, ஒரே ஒரு டச்டவுன். அணி 12-5 என்று நன்றாகத்தான் ஆடியது, ஆனால் அவரால் அல்ல. அடுத்த மார்ச்சில் விடுவித்தார்கள். எனக்கு அவர் ஆட்டம் மிகவும் பிடிக்கும், அதனாலேயே அந்த சீசனைப் பார்க்க வருத்தமாக இருந்தது.

தசைக் காயம் ஒருமுறை வந்தால் இன்னொருமுறை வரும் என்று எண்ணித்தான் விலை பேச வேண்டும். டிரேட் உறுதியாவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை உண்டு. ஆனால் அது இன்றைக்குக் கால் எப்படி இருக்கிறது என்று காட்டும், டிசம்பர் குளிரில் நான்காம் கால்பகுதியில் எப்படி இருக்கும் என்று காட்டாது.

சம்பளத்தை எந்த அணி கொடுக்கும்?

இது தெரியாமல் எந்த டிரேடையும் எடைபோட முடியாது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். என்எஃப்எல்லில் ஒவ்வோர் அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. 2025-ல் அது 27.92 கோடி டாலர். வீரரின் ஒப்பந்தத்தில் இரண்டு பகுதி. கையெழுத்துப் போடும்போது மொத்தமாகக் கொடுக்கும் போனஸ் ஒன்று. வாராவாரம் கொடுக்கும் அடிப்படைச் சம்பளம் இன்னொன்று. போனஸ் ரொக்கம் அன்றே கைக்குப் போய்விட்டாலும் கணக்கில் அதை ஐந்து வருடம் வரை பிரித்து எழுதலாம். வீரரை விற்றால், இன்னும் எழுதாமல் பாக்கி இருக்கும் போனஸ் முழுக்க விற்ற அணியின் தலையில் விழும். ஆடாத ஆளுக்காகக் கணக்கில் நிற்கும் இந்தத் தொகையைத்தான் 'செத்த பணம்' என்கிறோம். ஜூன் 1-க்கு முன் விற்றால் அவ்வளவும் அந்த வருடமே விழும், பிறகு விற்றால் இரண்டு வருடமாகப் பிரியும். ஜூலியோ ஜோன்ஸ் டிரேட் ஜூன் முதல் வாரத்தில் நடந்ததற்கு இதுதான் காரணம்.

வாங்கும் அணிக்கு விழுவது மீதமுள்ள வாரச் சம்பளம் மட்டும். சீசனில் 18 வாரம். ஒன்பதாவது வாரம் முடிந்து வாங்கினால் பாதிச் சம்பளம். கூப்பரின் ஒப்பந்தத்தை கிளீவ்லாந்து முன்பே மாற்றி எழுதி, சம்பளத்தில் பெரும்பகுதியை போனஸாக்கிவிட்டிருந்தது. ஆகவே பஃபலோ அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது 10 லட்சம் டாலருக்கும் குறைவு. ஆடம்ஸுக்காக ஜெட்ஸ் ஏற்றது 1 கோடி டாலருக்கும் மேல். இரண்டும் மூன்றாம் சுற்று டிரேட் என்று செய்தியில் ஒரே மாதிரிதான் வந்தது!

விலை எவ்வளவு இருக்கலாம்?

முப்பதை ஒட்டிய ரிசீவர்களுக்கு இரண்டாம் சுற்றைக் கொடுத்த மூன்று டிரேடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். சானு, 26 கேட்ச். ஜூலியோ ஜோன்ஸ், 31 கேட்ச். 2024 ஏப்ரலில் ஹூஸ்டன் வாங்கிய ஸ்டெஃபான் டிக்ஸ், 47 கேட்ச். எட்டாவது ஆட்டத்தில் முழங்கால் தசைநார் அறுந்தது. மூன்று பேரில் ஒருவரும் அந்த அணிக்காக இரண்டாவது சீசன் ஆடவில்லை.

இனி மலிவாகப் போனவர்கள். மாஸ், நான்காம் சுற்று. கீனன் ஆலன், 2024-ல் சிகாகோ கொடுத்தது நான்காம் சுற்று. 70 கேட்ச், 7 டச்டவுன். ஆன்குவான் போல்டின் கதை இன்னும் வியப்பு. 2013 பிப்ரவரியில் பால்டிமோர் ரேவன்ஸுக்காக சூப்பர் பௌலில் 104 யார்டு பிடித்து நைனர்ஸைத் தோற்கடித்தார். சம்பளத்தைக் குறைக்கச் சொன்னது அணி, அவர் மறுத்தார். அடுத்த மாதமே ஆறாம் சுற்றுக்கு அதே நைனர்ஸிடம் விற்றுவிட்டார்கள். முதல் ஆட்டத்தில் 13 கேட்ச், 208 யார்டு. சீசன் முழுக்க 1,179 யார்டு.

தற்செயல் கொஞ்சம் இருக்கும்தான். ஆனால் இதன் பின்னே ஒரு தர்க்கம் இருப்பதாக நினைக்கிறேன். விற்கும் அணிக்குச் சம்பளத் தொல்லை, மனக்கசப்பு, புதிய பயிற்சியாளர் என்று அவசரம் இருந்தால் நல்ல ஆட்டக்காரரே மலிவாகக் கிடைப்பார். அவசரம் வாங்குபவருக்கு இருந்தால் விலை ஏறும், பெயருக்காகவே கொடுக்க வேண்டிவரும். 2008-ல் டல்லஸ் கவ்பாய்ஸ் ராய் வில்லியம்ஸுக்காக டெட்ராய்ட்டுக்கு முதல், மூன்றாம், ஆறாம் சுற்றுகளைக் கொடுத்தது. அவருக்கு அப்போது 26 வயதுதான். அந்த சீசனின் 10 ஆட்டத்தில் 19 கேட்ச், 198 யார்டு. குவார்ட்டர்பேக் டோனி ரோமோவின் விரல் முறிந்து அணி பதறிய வாரத்தில் நடந்த டிரேட் அது.

அந்தத் தேர்வில் ஓர் இளைஞரை எடுப்பதே மேல் அல்லவா?

பெரும்பாலும் ஆம். கூப்பர் கப், டெர்ரி மெக்லாரின், கிறிஸ் காட்வின் எல்லாம் மூன்றாம் சுற்று. ஏ.ஜே. பிரவுன், டீபோ சாமுவேல், டவான்டே ஆடம்ஸேகூட இரண்டாம் சுற்று. பூகா நகுவா ஐந்தாம் சுற்றில், 177-வது ஆளாக வந்து முதல் சீசனிலேயே 1,486 யார்டு பிடித்தார். இவர்கள் நான்கு வருடம் மலிவுச் சம்பளத்தில் ஆடுவார்கள். மூன்றாம் சுற்றில் எடுத்து பெயர்கூட நினைவில்லாமல் போனவர்களே அதிகம் என்பதும் உண்மை. அதனால்தான் மூன்றாம் சுற்றை எல்லைக்கோடாக வைக்கிறேன்.

நைனர்ஸ் கொடுத்த உண்மையான விலையையும் சொல்ல வேண்டும். சாண்டர்ஸ் சீசன் முடிந்ததும் ஒப்பந்தம் தீர்ந்து நியூ ஆர்லியன்ஸுக்குப் போய்விட்டார். 2020 டிராஃப்டில் நைனர்ஸிடம் தன் சொந்த இரண்டாம், மூன்றாம், நான்காம் சுற்றுத் தேர்வு ஒன்றுகூட இல்லை. இரண்டாவதை டீ ஃபோர்டுக்காகக் கொடுத்திருந்தது, மற்ற இரண்டும் சாண்டர்ஸுக்காகப் போனவை. காலியான இடத்துக்கு முதல் சுற்றில் பிராண்டன் ஐயுக்கை எடுத்தார்கள். மூத்தவரை வாங்கினால் ரிசீவர் தேவை ஒரு வருடம் தள்ளிப்போகும், தீர்ந்துவிடாது.

சீசன் நடுவில் வருபவர் எவ்வளவு சீக்கிரம் பழகுவார்?

அது ஆட்டமுறையைப் பொறுத்தது. சில அணிகளில் ரிசீவர் ஓட வேண்டிய பாதை முன்பே நிச்சயிக்கப்பட்டிருக்கும். பத்து நாளில் படித்துவிடலாம். சில அணிகளில் எதிரணித் தடுப்பு எப்படி நிற்கிறது என்பதை ஓடும்போதே பார்த்து, ரிசீவரும் குவார்ட்டர்பேக்கும் ஒரே நொடியில் ஒரே முடிவுக்கு வர வேண்டும். ரிசீவர் உள்ளே திரும்ப, குவார்ட்டர்பேக் வெளியே எறிந்தால் பந்து எதிராளி கையில். பிரேடி காலத்து பேட்ரியாட்ஸ் இந்த இரண்டாவது வகை. சின்சினாட்டியில் பெரிய பேர் வாங்கிய சாட் ஜான்சன் 2011-ல் 33 வயதில் அங்கே வந்தார். சீசனுக்கு முன்பே வந்தவர். 15 ஆட்டத்தில் 15 கேட்ச்தான். அணி சூப்பர் பௌல் வரை போன வருடத்தில் அவர் பெரும்பாலும் ஓரத்தில் நின்றார்.

ஆகவே எந்த ரிசீவரை வாங்குவதற்கு முன்பும் அவர் எந்த மொழியில் ஆட்டம் படித்தவர் என்று விசாரிக்க வேண்டும். பழைய பயிற்சியாளரோடு, பழைய குவார்ட்டர்பேக்கோடு சேர்கிறார் என்றால் அது பாதிப் பலம்.

நல்ல ரிசீவர் யாராக இருந்தாலும் எங்கே வேண்டுமானாலும் ஆடுவார் தானே?

மாட்டார். வரிசையின் ஓரத்தில் தனியாக நின்று, எதிரே கார்னர்பேக் என்ற தடுப்பாளர் கையை வைத்துத் தள்ளும்போது விலக்கிக்கொண்டு ஓடுபவர் ஒரு வகை. உள்பக்கம், ஸ்லாட்டில் நின்று நடுக்களத்தில் குறுக்கே புகுபவர் வேறு வகை. 2018 அக்டோபர் 30 அன்று பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் மூன்றாம் சுற்றைக் கொடுத்து 30 வயது கோல்டன் டேட்டை வாங்கியது. டேட் ஸ்லாட் ஆட்டக்காரர். அந்த இடத்தில் ஏற்கெனவே நெல்சன் அகோலர் ஆடிக்கொண்டிருந்தார். டேட்டை எங்கே நிறுத்துவது என்று அணி வாரக்கணக்கில் தடுமாறியது. 8 ஆட்டத்தில் 30 கேட்ச், 278 யார்டு. சிகாகோவுக்கு எதிரான ப்ளேஆஃபில் (தோற்றால் வெளியேறும் சுற்றில்) கடைசி நிமிடத்தில் நிக் ஃபோல்ஸ் எறிந்த வெற்றி டச்டவுனைப் பிடித்தார், 16-15. அந்த ஒரு கேட்சுக்காகவே டிரேட் தகும் என்று சொல்லும் ஈகிள்ஸ் ரசிகர்களோடு நான் வாதாட மாட்டேன்.

காயத்தால் ரிசீவர்கள் இல்லாமல் போன அணி என்ன செய்வது?

அப்போது டிரேட் மிகவும் நியாயமானது. 2024-ல் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் 6-0 என்று இருந்தபோதே ரஷீ ரைஸும் மார்க்கீஸ் பிரவுனும் காயத்தில் போய்விட்டார்கள். 32 வயது டிஆண்ட்ரே ஹாப்கின்ஸை நிபந்தனையுள்ள ஐந்தாம் சுற்றுக்கு வாங்கினார்கள், அவர் சம்பளத்தில் ஒரு பங்கை டென்னசியே ஏற்றுக்கொண்டது. 10 ஆட்டத்தில் 41 கேட்ச். ஹாப்கின்ஸ் வேகமாக ஓடுபவர் அல்ல, ஆனால் பக்கத்தில் ஆள் ஒட்டிக்கொண்டிருந்தாலும் பந்தைப் பறித்துக்கொள்ளும் கை. தம்பா பே ஆட்டத்தில் இரண்டு டச்டவுன் பிடித்துக் காட்டினார். இதைத்தான் அளவான டிரேட் என்பேன்.

டிரேடே செய்யாமல் ஆள் பிடிக்க முடியாதா?

சில சமயம் முடியும். 2021 நவம்பரில் கிளீவ்லாந்து விடுவித்த ஓடெல் பெக்கமை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் எந்தத் தேர்வும் கொடுக்காமல் ஒப்பந்தம் செய்தது. அடுத்த நாள் பயிற்சியில் ராம்ஸின் ரிசீவர் ராபர்ட் வுட்ஸுக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. பெக்கம் வந்திருக்காவிட்டால் ராம்ஸ் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சூப்பர் பௌலில் முதல் டச்டவுன் அவருடையது. ஆனால் அப்படிப்பட்டவர் நவம்பரில் சும்மா இருப்பது அபூர்வம்.

அணிக்குள் பிரச்சினை வருமா?

வரலாம், யாரை வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து. 2019-ல் மூன்றாம், ஐந்தாம் சுற்றுகளைக் கொடுத்து வாங்கிய ஆன்டனியோ பிரவுனை ஒரு சீசன் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே ரெய்டர்ஸ் விடுவிக்க நேர்ந்தது. அதே வருடம் சாண்டர்ஸிடம் டீபோ சாமுவேல் என்ற புது ரிசீவர் பாதை ஓடும் நுணுக்கம் கற்றுக்கொண்டார், அதைப் பிறகு பலமுறை நன்றியோடு சொன்னார். கேட்ச் கணக்கில் ஏறாத வரவு இது. பேரம் பேசும்போது இதற்கு விலை போட முடியாது, ஆனால் முன்னாள் சக ஆட்டக்காரர்களிடம் இரண்டு தொலைபேசி அழைப்பில் விசாரித்துவிடலாம்.

கடைசி நாள் வரை காத்திருந்தால் விலை குறையுமா?

குறையலாம். சம்பளமும் குறையும். ஆனால் வாரமும் குறையும். சாண்டர்ஸும் ஆடம்ஸும் கூப்பரும் கெடுவுக்கு முன்பே வந்தவர்கள். ஒரு வாரம் முன்னே வாங்குவதற்கு ஒரு சுற்று அதிகம் கேட்டால் காத்திருப்பேன். அதே விலை என்றால் இன்றே வாங்குவேன்.

கடைசியாக: சாண்டர்ஸ் வந்தும் கோப்பை கிடைக்கவில்லையே? அதுவும் தோல்விதானே?

2020 பிப்ரவரி 2, மயாமி. சூப்பர் பௌல் முடிய ஒரு நிமிடம் நாற்பது வினாடி. நைனர்ஸ் 24-20 என்று பின்தங்கியிருக்கிறது, மூன்றாவது முயற்சி, 10 யார்டு தேவை. சாண்டர்ஸ் நேராக ஓடுகிறார். கேன்சஸ் சிட்டியின் தடுப்பாளர்கள் இரண்டு பேரையும் 32 வயதுக் கால்கள் முந்திவிடுகின்றன. எண்ட் ஸோன் வரை முன்னால் ஒருவரும் இல்லை. ஜிம்மி கராப்பலோ எறிகிறார். பந்து நீட்டிய கைகளையும் தாண்டிப் போய்ப் புல்லில் விழுகிறது. அவரை வாங்கியது அந்த ஓட்டத்துக்காக. அதை அவர் ஓடிவிட்டார்.